உங்களுக்குத் தெரியுமா? கியர்பாக்ஸ் கொதித்தால் இன்ஜினை அணைக்காதீர்கள்!

அமெரிக்காவின் ராக்கி மலைச் சாலைகளில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏறும் பழைய பிக்கப் டிரக்குகளுக்கு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடேறுவது பழகிப்போன தொல்லை. வண்டியை ஓரங்கட்டியதும் இன்ஜினை அணைக்கத்தான் கை போகும். அங்கேதான் தப்பு நடக்கிறது.

கியர்பாக்ஸ் ஆயிலைச் சுற்றவைக்கும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் நின்றால், கொதிக்கும் ஆயில் ரேடியேட்டரில் உள்ள கூலருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கிவிடும். ஆகவே ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் சில நிமிடம் ஓடவிட வேண்டும். ஆயில் ஒழுகினாலோ, புகை வந்தாலோ, இன்ஜினே கொதித்தாலோ மட்டும் உடனே அணைப்பது சரி.

பார்க்கில் போட்டால் ஆகாதா? பழைய டாட்ஜ் டிரக்குகள் பலவற்றில் ஆகாது! பார்க்கில் நிற்கும்போது அவற்றின் கூலருக்கு ஆயில் போவதில்லை. அவற்றில் ஆயில் அளவைக்கூட நியூட்ரலில் வைத்தே பார்க்க வேண்டும்.

சூட்டின் பிறப்பிடம், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர். பாரத்தோடு மெல்ல மேடேறும்போது உள்ளே ஆயில் சுழன்று வழுக்க, இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாகிவிடுகிறது. ஆயில் சூடு 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது சாதாரணம். 120-ஐத் தாண்டினால் ஆயில் வேகமாகக் கெடும்.

கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஆயில் செக்கச்செவேலென்று இருந்தால் கவலையில்லை. பழுப்பேறி, தீய்ந்த வாடை அடித்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் அடுத்த மேட்டில் ஏறாதீர்கள்.