விண்ணின் ஓசையும் விழிப்புலனற்றோரின் உரிமையும்

ஒலி பரவுவதற்கு ஊடகம் வேண்டும். வெற்றிடத்தில் ஓசை இல்லை. பாடசாலையில் நாம் அனைவரும் கற்ற பாடம் இது. அவ்வாறிருக்க, அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2022 ஆம் ஆண்டில் கருந்துளையொன்றின் ஓசையை வெளியிட்டபோது, இது எங்ஙனம் சாத்தியம் என்ற வினா எழுந்தமை இயல்பானதே.

பேர்சியஸ் எனப்படும் விண்மீன் மண்டலக் கூட்டம் சுமார் 25 கோடி ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. அங்கு வெற்றிடமன்றி, வெப்பமிகு வாயு பெருமளவில் பரவியுள்ளது. அதன் நடுவிலுள்ள கருந்துளை அவ்வாயுவில் அமுக்க அலைகளைத் தோற்றுவிப்பதை, சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் அவதானிப்புகளைக் கொண்டு விஞ்ஞானிகள் 2003 ஆம் ஆண்டில் அறிவித்தனர். தமிழ் வம்சாவளியினரான நோபல் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது அத்தொலைநோக்கி. அந்த அலைகளின் சுருதியோ மனிதச் செவிக்கு எட்டாதது. 57 ஸ்தாயிகள் உயர்த்திய பின்னரே, அதாவது மீடிறனை 1,440 கோடி கோடி மடங்கு பெருக்கிய பின்னரே, அது கேட்கத்தக்கதாயிற்று.

எனினும், விண்வெளி இசை என்று வழங்குபவை யாவும் இத்தகையன அல்ல. 2020 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் பல ஒலிவடிவங்களில் ஓசை அலை எதுவும் இல்லை; தொலைநோக்கி திரட்டிய தரவுகளே ஒலியாக மாற்றப்பட்டுள்ளன. படத்தின் மேற்பகுதியிலுள்ள பொருளுக்கு உயர்ந்த சுருதி, பிரகாசம் மிகுந்ததற்கு உரத்த ஒலி என்றவாறு விதி வகுக்கப்படுகின்றது. ஆகவே இது ஒலிப்பதிவன்று, மொழிபெயர்ப்பு. இவ்வேறுபாட்டை மறைத்து, விண்மீன்கள் பாடுகின்றன எனப் பரபரப்பூட்டுவது விஞ்ஞானத்துக்குச் செய்யும் தொண்டாகாது.

இது வெறும் வேடிக்கையும் அன்று. புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வானியலாளர் வான்டா டியாஸ் மெர்செட், பல்கலைக்கழக மாணவியாக இருந்த காலத்தில் பார்வையை இழந்தவர். வரைபடங்களைக் காண இயலாத அவர், தரவுகளை ஒலியாக்கிக் கேட்டே ஆய்வைத் தொடர்ந்தார். படத்துடன் ஒலியும் சேரும்போது, இரைச்சலில் மறைந்துள்ள சமிக்ஞைகளைப் பார்வையுள்ளோராலும் நன்கு இனங்காண முடியும் என்பதையும் அவரது ஆய்வுகள் உணர்த்தின.

கண்ணுக்குப் புலனாகாத எக்ஸ்-கதிர்களை நிறங்களாக மாற்றிப் படம் வெளியிடுவதும் ஒரு மொழிபெயர்ப்பே. கண்ணுக்கென இத்தனை பாடுபடும் விஞ்ஞானம், செவிக்கெனவும் சிறிது பாடுபடலாகாதா? விழிப்புலனற்ற பிள்ளைக்கு விஞ்ஞானக் கல்வி பொருந்தாது எனத் தீர்ப்பளிக்குமுன், பாடத்தை அப்பிள்ளை கேட்கக்கூடிய வடிவில் நாம் வழங்கினோமா என்பதைக் கல்வியாளர்களும் பெற்றோரும் சிந்தித்தல் வேண்டும். குறைபாடு பிள்ளையிடத்தில் அன்றி, கற்பிக்கும் முறையிலும் இருக்கக்கூடும்.