வைக்கோலிலிருந்து வினையூக்கி: சாயக் கழிவுநீருக்கு ஒரு வழி

பஞ்சாபின் லூதியானா நகரைச் சுற்றியுள்ள வயல்களில் ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நெல் அறுவடை நடைபெறுகிறது. அறுவடை இயந்திரம் நெல்லை மட்டும் பிரித்துக்கொண்டு, வைக்கோலையும் தாளையும் வயலிலேயே விட்டுச் செல்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் நடவுக் காலத்தைப் பின்தள்ளியது. அதனால் அறுவடையும் பின்தங்கிற்று. கோதுமை விதைப்புக்கு முன் உழவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. அதற்குள் நிலத்தை வெறுமையாக்க மலிவான வழி தீயே எனப் பலரும் கருதுவதில் வியப்பில்லை.

அதே நகரில் பின்னலாடைத் தொழிலும் அதைச் சார்ந்த சாயப்பட்டறைகளும் பெருகியுள்ளன. நகரின் ஊடே ஓடும் புட்டா நாலா, வீட்டுக் கழிவையும் ஆலைக் கழிவையும் சுமந்து சென்று சட்லஜ் ஆற்றில் கலக்கிறது. ஹரிகே அணையிலிருந்து புறப்படும் கால்வாய் அவ்வாற்றின் நீரை இராஜஸ்தானுக்குக் கொண்டு செல்கிறது. பாலைப் பகுதி மக்கள் பலருக்குக் குடிநீரே அதுதான். எனவே ஒரு நகரத்தின் சாயநீர் அந்நகரத்தின் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

துணிச் சாயங்களில் பெரும்பகுதி ‘அசோ’ வகையைச் சேர்ந்தவை. வெயிலுக்கும் சோப்புக்கும் வெளுக்காதிருக்கவே அவை உருவாக்கப்பட்டவை; நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மை செய்யும் தொட்டிகளில் அவை எளிதில் சிதையாமைக்கும் இதுவே காரணம். காற்றற்ற நிலையில் சிதைந்தாலும், அவற்றுட் சில புற்றுநோய் விளைவிக்கக்கூடிய அமீன்களாக மாறுகின்றன. நிறம் போய்விட்டது என்பதால் நஞ்சும் போய்விட்டது என்று கொள்ளலாகாது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் பிற பொருள்களிலிருந்தும் செய்யப்படும் ஊக்குவித்த கரி, சாயத்தைத் தன் துளைகளில் பற்றிக்கொள்கிறது. ஆனால் அது சாயத்தை அழிப்பதில்லை; நீரிலிருந்த மாசு கரிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

சாய மூலக்கூறையே உடைப்பதற்கு வேறொரு வினை தேவை. 1894-ல் ஃபென்டன் என்னும் ஆங்கிலேய வேதியியலார், ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சிறிதளவு இரும்பு உப்பு சேர்ந்தால் அது கரிமப் பொருளை ஆற்றலுடன் ஆக்சிஜனேற்றம் செய்வதை விளக்கினார். இவ்வினையில் கணநேரமே நிலைக்கும் ஹைட்ராக்சில் உறுப்புகள் தோன்றிச் சாயத்தின் பிணைப்புகளைத் துண்டிக்கின்றன. ஆயினும் கரைந்த இரும்பைக் கொண்டு இதனைச் செய்வதில் இரு இடர்ப்பாடுகள் உண்டு. நீரை முதலில் நன்கு அமிலமாக்க வேண்டும். பின்னர் காரம் சேர்த்து நடுநிலைக்குக் கொணரும்போது இரும்பு முழுவதும் சேறாகப் படிகிறது.

வைக்கோல் பயன்படுவது இங்குத்தான். அதனை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, காற்றுப் புகாத கலனில் சில நூறு டிகிரி வெப்பத்தில் சுட்டால், செல்லுலோசும் லிக்னினும் துளைகள் நிறைந்த கரியாகின்றன. இரும்பு அக்கரியிலேயே நுண்துகள்களாகப் பதிந்துவிடுகிறது. பெராக்சைடைச் செயற்படுத்தும் வினையூக்கி இதுவே. கரி சாயத்தைத் தன்னருகே இழுக்கிறது. இரும்பு அங்கேயே வினையை நடத்துகிறது. அமிலத் தேவையும் சேறும் குறைகின்றன. காந்தத் தன்மையுள்ள ஆக்சைடாக இரும்பு அமைந்தால், பயன்படுத்திய கரியைக் காந்தத்தால் திரட்டி மீண்டும் இடலாம். நெல் வைக்கோலில் மிகுந்துள்ள சிலிக்கா துளைகளை அடைக்கக்கூடும் என்பதால், காரக் கரைசலில் கழுவி அதனை நீக்குவதும் உண்டு.

இம்முறை வைக்கோல் எரிப்பையும் ஒழித்துவிடும் என்று சிலர் கூறுவதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். லூதியானாவில் சாயப்பட்டறைகளுக்கென அமைந்த மூன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் மொத்தத் திறன் நாளொன்றுக்கு 10.5 கோடி லிட்டர். லிட்டருக்கு 1 கிராம் வினையூக்கி இட்டு, அதனைப் பத்து முறை பயன்படுத்துவதாகக் கொண்டால், நாள்தோறும் புதிதாகத் தேவைப்படுவது ஏறத்தாழ 10.5 டன், ஆண்டுக்கு 3,800 டன். வைக்கோலின் எடையில் மூன்றிலொரு பங்கு கரியாகுமெனில், வேண்டிய வைக்கோல் 11,500 டன் அளவே. பஞ்சாபில் ஆண்டுதோறும் கிடைக்கும் நெல் வைக்கோலோ சுமார் 2 கோடி டன். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! பானிப்பட்டில் 2022-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட எத்தனால் ஆலை ஒன்றே ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலை ஏற்கும் வகையில் அமைந்துள்ளது. வயல் தீயை அணைக்க அத்தகைய ஆலைகளும், வைக்கோலை மண்ணிலேயே மடக்கும் கருவிகளுமே உதவும். வினையூக்கியின் பயன் நீரில்தான்.

நீரிலும் அதற்கு எல்லை உண்டு. சாயமேற்றப் பயன்படும் உப்புகளை இக்கரி நீக்குவதில்லை. அவற்றுக்குச் சவ்வூடு வடித்தல் போன்ற வேறு முறைகளே தேவை. கரி மலிவானதாயினும், நாள்தோறும் வாங்க வேண்டிய பெராக்சைடின் செலவு தொடர்கிறது. அச்செலவைச் சிறு பட்டறை தனித்துத் தாங்குவது அரிது. பொது நிலையங்களில் நீரின் அளவுக்கும் மாசுக்கும் ஏற்பக் கட்டணம் வகுத்தால் மட்டுமே அது பங்கிடப்படும். ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேற, கரியின் திறனும் குன்றுகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் உண்டாகும் இரசாயனச் சேறு 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவாகும்; திறனிழந்த கரியையும் அதே கவனத்துடன் கையாள வேண்டியிருக்கும். அதனை எரு என்று வயலுக்குத் திருப்பி அனுப்ப இயலாது. ஆகவே நிலையத்தின் திட்ட மதிப்பீட்டில், கரியை வாங்கும் செலவுடன் அதனைப் பாதுகாப்பாக அகற்றும் செலவும் முதல் ஆண்டிலிருந்தே இடம்பெற வேண்டும்.