கயிலையை வலம் வரப் போகும் நண்பர்களுக்கு

திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டர். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் புறப்பட்டால் விடிவதற்குள் முடித்துச் சூடாக ஒரு காபியும் குடித்துவிடலாம். கயிலைப் பரிக்ரமாவோ ஏறக்குறைய 52 கிலோமீட்டர். மூன்று நாள் நடை. ஐந்தாண்டு நின்றிருந்த அரசு யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியதிலிருந்து, நம் லக்ஷ்மிபாய் நகரிலும் "நாலு பேராகச் சேர்ந்து போனால் என்ன சார்?" என்ற பேச்சு காதில் விழுகிறது.

தாராளமாகப் போகலாம். முதல் நாள் டார்ச்சனிலிருந்து ஆற்றோரமாக திராபுக் வரை. ஏற்றம் அதிகமில்லை, அங்கே கயிலையின் வடக்கு முகம் நேரெதிரே நிற்கும். இரண்டாம் நாள்தான் சோதனை. டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி. அப்பால் கௌரி குண்டம், முழங்காலைப் பதம் பார்க்கும் இறக்கம், இரவு ஜுதுல்புக். மூன்றாம் நாள் மீண்டும் டார்ச்சன். (எதிர்த்திசையில் சுற்றி வருகிறவர்களைக் கண்டு வழி தவறியவர்கள் என்று எண்ண வேண்டாம். திபெத்தின் போன் சமயத்தார் இடமாகத்தான் சுற்றுவார்கள்.)

வட்டப் பாதையில் ஒரு சங்கடம் உண்டு. கணவாய்க்கு முன்னால் உடம்புக்கு முடியவில்லையென்றால் வந்த வழியே இறங்கிவிடலாம். தாண்டிவிட்டால் அது முடியாது. திரும்புவதென்றால் மறுபடி கணவாய் ஏற வேண்டும். ஆகவே முடிவெடுக்க வேண்டிய இடம் திராபுக், முதல் நாள் இரவு.

அங்கேதான் நண்பர் கூட்டத்தின் பலவீனம் தெரியும். தலைவலியும் குமட்டலும் இருந்தும், "நம்மால் மற்றவர்கள் யாத்திரை கெடக்கூடாது" என்று ஒருவர் வாயே திறக்கமாட்டார். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ உயிருக்கே ஆபத்து; தாமதமின்றிக் கீழே இறக்க வேண்டும். யாருக்கு முடியாமல் போனாலும் அவருடன் இறங்குவது யார் என்பதைத் தில்லியிலேயே பெயர் சொல்லிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு பேசுவது இன்னும் நல்லது. மலையில் போய்ப் பேசினால் மனஸ்தாபத்தில்தான் முடியும்.

அரசு யாத்திரைக்கு வயது 18 முதல் 70 வரை. உடல் எடைக் குறியீடு 25-ஐத் தாண்டக் கூடாது. மருத்துவப் பரிசோதனையும் உண்டு. லோதி தோட்டத்தில் அரட்டையடித்தபடி நாலு சுற்று வருவது பயிற்சியாகாது. முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

அந்த அரிசியை அங்கே கொண்டுபோக வேண்டாம். 5,000 மீட்டரில் தண்ணீர் 83 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் சாதம் அரைவேக்காடாக நிற்கும். அவல், சத்துமாவு, புளிக்காய்ச்சல் போதும். குதிரையும் சுமையாளும் வேண்டுமென்றால் புறப்படுமுன்பே பேசிவிடுங்கள். மாத்திரை, குல்லாய், தண்ணீர் மூன்றும் உங்கள் தோளிலேயே இருக்கட்டும். குதிரை முன்னே போய்விடும்.