பலாவின் சுவையும் வேரின் வலிமையும்

நெய்வேலி நகரியத்தைச் சூழ்ந்த செம்மண் மேட்டுப் புன்செய்களிற் பலாவும் முந்திரியும் செழித்து வளர்வன. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகளிற் பாட்டன்மார் வைத்த மரங்களையும் வேரோடு சாய்த்தது. மரம் இழந்த குடியானவர் மறுபடி விதையை ஊன்றுவதா, ஒட்டுக்கன்றை வைப்பதா என்பது ஒரு தலைமுறையின் வருவாயைப் பற்றிய வினாவாகும்.

பலாவில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றுகின்றன. பெரும்பாலும் அயல் மரத்து மகரந்தத்தாலேயே காய் பிடிக்கிறது. ஆகையால், நல்ல வருக்கைச் சுளையின் விதையினின்று முளைத்த கன்று, குழைந்த சுளையும் மிகுந்த சக்கையும் உள்ள பழத்தைத் தரவுங் கூடும். அதன் தன்மையை அறிய ஏறக்குறைய 8 வருஷம் காத்திருத்தல் வேண்டும். ஒட்டுக்கன்றோ 5-ஆம் வருஷத்திலேயே காய்க்கத் தொடங்கும். சுளையின் நிறமும் இனிப்பும் தாய்மரத்தை ஒத்திருக்கும். பணிக்கன்குப்பத்து நாட்டுப் பலாவினின்று பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் தேர்ந்தெடுத்த பாலூர் 1 என்னும் ரகத்தின் குணம் மாறாதிருக்க ஒட்டே வழியாகும்.

பழத்தின் இயல்பு பெரிதும் மேலே ஒட்டிய குச்சியைச் சார்ந்தது; மரத்தின் உருவமும் நிலைபேறும் அடியிலுள்ள வேர்ச்செடியைச் சார்ந்தன. ஆப்பிள் மரத்தில் இஃது இனிது விளங்கும். இங்கிலாந்தின் கிழக்கு மாலிங் நிலையத்தார் வகைப்படுத்திய 9-ஆம் எண் வேர்ச்செடியில் ஒட்டிய மரம் குட்டையாய் நின்று விரைவிற் காய்க்கும். வெயில் நன்கு படுவதால் கனி நிறமேறும். ஆயினும் அதன் வேர் வலுக் குறைந்தது. ஊன்றுகோல் இல்லையேற் காற்றிற் சாயும்.

புயல் வீசும் இந்த ஜில்லாவிற் சுவையும் வலிமையும் ஒருங்கே வேண்டும். அதற்கு, மரம் நிற்க வேண்டிய குழியிலேயே விதையை ஊன்றி, அங்கேயே ஒட்டுக்கட்டுதல் நலம். பலா விதை காய்ந்தால் முளைப்புத் திறன் குன்றும். எனவே பழத்தினின்று எடுத்த புதிய விதைகளைக் குழிக்கு இரண்டு மூன்றாக ஊன்றி, செழித்த கன்று ஒன்றை மட்டும் நிறுத்துக. தண்டு பென்சிற் பருமன் அடைந்ததும், தேர்ந்த தாய்மரத்துக் குச்சியை ஆப்புப்போற் சீவி, கன்றின் தலையை அறுத்துப் பிளந்த பிளவிற் செருகி இறுகக் கட்டுக. பையில் வளர்ந்த கன்றின் ஆணிவேர் சுருண்டுகொள்வதுண்டு. குழியில் முளைத்ததன் வேரோ தடையின்றி ஆழ இறங்கும்.

ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை அவ்வப்போது கிள்ளிவிடுதல் அவசியம். தவறினால் வேர்ச்செடியே தழைத்து மரமாகும். 5 வருஷம் காத்தும் கருதிய பழம் கிட்டாது. தாய்மரத்தையும் கேள்வியால் தேர்ந்தெடாது, பழக்காலத்திற் சுளையைச் சுவைத்துப் பார்த்து அடையாளமிட்டு வைத்தல் நன்று.