பட்டு விற்கிற ஊரில் அடுப்பு விற்காதா?

கொல்லைப்புறத்தில் கண்ணைக் கசக்கும் தாய்மார்கள்! 'புகையில்லா அடுப்பு' தோற்றது எதனாலே?

வீட்டுக்குள்ளே கேஸ் அடுப்பு. கொல்லைப்புறத்திலே மூணு கல் அடுப்பு!

காஞ்சீபுரம் பட்டுச் சீமையில், பெரிய ஏரிக்குப் பேர்போன தென்னேரி போன்ற ஊர்களில் இன்றும் காணும் காட்சி இது. குளிக்க வெந்நீரா? விறகு. மாசக் கடைசியில் சிலிண்டர் தீர்ந்துபோச்சா? சோறும் விறகில்தான்.

"சீமைக் கருவேலம் சும்மா கிடைக்குது. இதுக்கு என்ன கணக்கு?" என்கிறீர்களா?

கணக்கு உண்டு. கண் எரிச்சல் ஒரு கணக்கு. இருமல் ஒரு கணக்கு. வீட்டுப் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டு இருக்கிறது.

காற்றோடு போகுது சூடு!

மூணு கல் அடுப்பில் எரியும் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி காற்றோடு போச்சு!

எரியும் இடத்தை ஒடுக்கி, சுற்றிலும் மண் சுவர் வைத்து, அடியில் காற்றுப்போக வழி விட்டால் அதே விறகு இரண்டு மடங்கு வேலை செய்யும். புகைபோக்கி வைத்தால் புகை வெளியே போகும். ஐதராபாத் ஆராய்ச்சிக்கூடத்தில் எஸ்.பி.ராஜு இந்த வழியை 1953-லேயே எழுதி வைத்துவிட்டார்.

பிறகு ஏன் பரவவில்லை?

3 கோடி அடுப்பு எங்கே?

மத்திய அரசு 1983-ல் புகையில்லா அடுப்புத் திட்டம் தொடங்கியது. தாராளமாக மானியம் கொடுத்தது. 2002-ல் திட்டம் முடிவதற்குள் 3 கோடிக்கு மேல் அடுப்புகள் போட்டாச்சு.

ஆனால் பல வீடுகளில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது. சரிபண்ண ஆள் வரவில்லை. பானை சரியாக உட்காரவில்லை. தாய்மார்கள் பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள். போட்ட அடுப்பை எண்ணிய அதிகாரிகள், எரிகிற அடுப்பை எண்ணவில்லை!

2006-ல் 'பிபி' எண்ணெய் நிறுவனம் 'ஊர்ஜா' என்ற அடுப்பைத் தமிழ்நாட்டிலும் விற்றது. நல்ல அடுப்புதான். ஆனால் அதற்கென்று செய்த எரிதுண்டுகளைத்தான் போடவேண்டும். துண்டு விலை ஏறியது. அடுப்பு பரணுக்கு ஏறியது!

இலங்கை காட்டும் வழி

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். அங்கே 1980-களில் வந்தது 'அனகி' என்ற மண் அடுப்பு. ஒரே தீயில் இரண்டு பாத்திரம். கிராமத்துக் குயவர்கள் செய்கிறார்கள். சந்தையிலும் கடையிலும் சட்டி பானையோடு விற்கிறது. கையில் கிடைக்கும் சுள்ளியைப் போடலாம். உடைந்தால் வேறு வாங்கலாம். லட்சக்கணக்கில் விற்பனை!

பட்டுக்கடைப் பாடம்

காஞ்சீபுரம் பட்டுக்கடைக்காரர் நூல் கணக்கா சொல்கிறார்? புடவையைப் பிரித்துப் போடுகிறார். "தொட்டுப் பாருங்கம்மா" என்கிறார். வாங்கியவர் குறை சொல்லி வந்தால் உட்காரவைத்துக் கேட்கிறார்.

அடுப்பையும் அப்படித்தான் விற்கவேண்டும். சந்தையில் இரண்டு அடுப்பைப் பற்றவைக்கட்டும். ஒரே அளவு தண்ணீர், நிறுத்துப் போட்ட விறகு. எது முதலில் கொதிக்கிறது, எதில் விறகு மிஞ்சுகிறது என்று ஊரே பார்க்கட்டும். "எங்க வீட்டுத் தவலை இதுல உட்காருமா?" என்று கேட்டால் அதையே ஏற்றிக் காட்டட்டும். காசைத் தவணையில் வாங்கட்டும். தவணைக்கு வரும்போது புகைபோக்கியையும் தட்டிவிட்டுப் போகட்டும்.

விற்றவர் திரும்பி வந்தால் அடுப்பு எரியும். வராவிட்டால் கோழி அடைக்கத்தான் உதவும்!