மருத்துவமனையில் பள்ளிக்கல்வி: ஒரு கலைச்சொல் ஆய்வு

நெடுநாள் நோயுற்ற குழந்தையின் பள்ளிக்கல்வி தடைபடலாகாது. மருத்துவமனையில் உள்ள குழந்தைகளுக்கென 1988இல் லெய்டன் நகரில் உருவான ஐரோப்பியப் பட்டயத்தின் ஏழாம் கூறு, வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற கல்வியை வலியுறுத்துகிறது. இவ்வேற்பாட்டை இத்தாலியர் 'மருத்துவமனையில் பள்ளி' என இடத்தால் சுட்டுவர். ஜெர்மானியர் 'நோயுற்றோர்க்கான பள்ளி' என மாணவரால் சுட்டுவர்.

தமிழில் 'மருத்துவமனைப் பள்ளி' என்பதை ஏழாம் வேற்றுமைத் தொகையாகவும் ஆறாம் வேற்றுமைத் தொகையாகவும் விரிக்கலாம். பின்னதாயின், குழந்தை தன் பழைய பள்ளியினின்று நீங்கியது என்னும் பொருள் தோன்றக்கூடும். 'தொடர்கல்வி' என்பதோ முதியோர் கல்வித் துறையில் முன்பே வழங்குவது.

இல்லத்தில் பயில்வோர்க்கும் இச்சிக்கல் உண்டு. இந்தியக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உடைய குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை வழங்குகிறது. இதனை 'வீட்டுக்கல்வி' எனப் பெயர்த்தால், பள்ளியை விடுத்துப் பெற்றோரே கற்பிக்கும் முறையோடு மயங்கும். அரசின் கடமை பெற்றோரின் விருப்பமாகத் திரியும்.

எனவே உருபு தொகாமல், 'மருத்துவமனையிலிருந்தே பள்ளிக்கல்வி', 'வீட்டிலிருந்தே பள்ளிக்கல்வி' எனத் தொகாநிலைத் தொடர்களாக ஆள்வதே தக்கது. சொல் நீண்டாலும் குழந்தைக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு அறாது.