புது டேங்க்தானே என்று இறங்காதீர்கள்

அனல்மின் நிலையத்தில் பெர்மிட் இல்லாமல் கொதிகலனுக்குள் தலையை நீட்டக்கூட விடமாட்டார்கள் என்பது நெய்வேலியில் பலருக்கும் தெரியும். 2020 மே 7, ஜூலை 1 என அடுத்தடுத்து இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளையும் ஊர் மறந்துவிடவில்லை. ஆனால் மந்தாரக்குப்பத்திலோ வடக்குத்திலோ வீட்டு சம்ப்பைக் கழுவவும் செப்டிக் டேங்கைப் பார்க்கவும் ஆள் கூப்பிடும்போது பெர்மிட்டாவது, மீட்டராவது! ஒரு வாளி, ஒரு துடைப்பம், ஓர் ஏணி, அவ்வளவுதான்.

2022 நவம்பரில் இதே கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் அருகே, புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்கில் சென்ட்ரிங் பலகை பிரிக்கும் வேலையில் மூன்று பேர் இறந்தார்கள். அதே மாதம் கரூர் சுக்காலியூரிலும் அதே வேலை; அங்கே நான்கு பேர். ஒரு சொட்டுக் கழிவுகூட விழாத டேங்கில் என்ன விஷம் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

வில்லன் பலகைதான். காங்கிரீட் போட்டு மூடியபின் உள்ளே ஈரம் தங்குகிறது. மழைக்காலத்தில் தண்ணீரும் தேங்குகிறது. நனைந்த மரம் மட்கும்போது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிட்டுக் கரியமில வாயுவை விடுகின்றன. வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து. மிகவும் குறைந்துபோனால், நாலு மூச்சுக்குள் ஆள் சரிந்துவிடுவார். நாற்றம் கிடையாது, இருமல் வராது. பழைய டேங்கில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடாவது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் அதுவும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் உதவாது. நச்சுவாயு இருந்தாலும் சுடர் எரியும். மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

முதல் ஆள் விழுந்ததும் அடுத்தவர் குதிப்பதுதான் சாவைப் பெருக்குகிறது. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் வீட்டு உரிமையாளர், அவருடைய இரண்டு மகன்கள் உட்பட ஆறு பேர் ஒரே செப்டிக் டேங்கில் மாண்டார்கள். மூக்கில் கட்டும் துண்டோ சாதா மாஸ்க்கோ ஆக்சிஜனைத் தராது. வாயு மீட்டரைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். ப்ளோயர் வைத்துக் காற்றடிக்க வேண்டும். இறங்குபவரின் பெல்ட்டோடு கட்டிய கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் மேலேயே நிற்க வேண்டும். அவர் டீ குடிக்கக்கூட நகரக் கூடாது. ஆள் மயங்கினால் கயிற்றை இழுப்பதும் 101, 108-ஐ அழைப்பதும்தான் அவர் வேலை, இறங்குவதல்ல.

பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்கிக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நேரடியாக இறக்கினாலும் ஆள் வைத்து இறக்கினாலும் குற்றம்தான்: முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் 14420-ஐ அழைத்தால் கழிவுநீர் லாரி வரும்.

சாக்கடை, செப்டிக் டேங்க் மரணத்துக்கு இழப்பீட்டை 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் புது டேங்கில் சென்ட்ரிங் பிரிப்பது துப்புரவு வேலை அல்ல என்று வாதிட இடமுண்டு. சென்ட்ரிங் தொழிலாளியின் குடும்பம் தொழிலாளர் இழப்பீட்டையும் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தையும் நாட வேண்டியிருக்கும். காண்ட்ராக்டர் ‘அவர் சும்மா பார்க்க வந்தவர்’ என்று சொல்லிவிடலாம் என்பதால், எஃப்ஐஆரில் வேலைக்குக் கூப்பிட்டவர் யார், என்ன வேலை என்பது பதிவாகியிருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுவது நல்லது. அதற்கு உதவ 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி உண்டு.